குழந்தையின் டயாப்பரில் நெளியும் வெள்ளைத் துண்டுகள், பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை: நாயிடமிருந்து வந்திருக்குமா?

தண்டையார்பேட்டை பவி:

வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. கொஞ்ச நாளாக டயாப்பர் மாற்றும்போது மலத்தின் மேல் வெள்ளையாக, தட்டையாக, வெள்ளரி விதை போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டது செரிக்காமல் வருகிறது என்றுதான் முதலில் நினைத்தோம், அப்புறம் ஒருநாள் உற்றுப் பார்த்தால் அது சுருங்குகிறது, நீள்கிறது, மெதுவாக நகர்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டயாப்பரை மடித்துக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை, நான் சொல்லி முடிக்கும் முன்பே கீரிப்பூச்சி என்று சொல்லி அல்பெண்டசோல் சிரப் எழுதிவிட்டார். கொடுத்தோம். சில நாள் ஒன்றும் கண்ணில் படவில்லை, மறுபடி அதே துண்டுகள். திரும்பப் போனால் அதே சிரப், கூடவே நகம் வெட்டுங்கள், வீட்டைச் சுத்தமாக வையுங்கள் என்று அறிவுரை. வீட்டை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அந்த வார்த்தை ரொம்பவே வலித்தது.

குழந்தை நன்றாகத்தான் விளையாடுகிறாள். காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ராத்திரி கொஞ்சம் சிணுங்குகிறாள், பின்பக்கம் கை வைத்துச் சொறிகிறாள். மாமியார் இனிப்பு கொடுக்காதே என்கிறார், வேப்பங்கொழுந்து அரைத்து உருட்டிக் கொடுத்தும் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு செவலை நாய் குட்டி போட்டிருக்கிறது. பாப்பா கண் விழித்தால் அங்கேதான், குட்டிகளை மடியில் போட்டுக்கொள்வாள், முகத்தோடு முகம் வைப்பாள். குட்டிகளின் வயிற்றில் தெள்ளுப்பூச்சி ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது என் வீட்டுக்காரர், எல்லாமே அந்த நாயால்தான், கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுத் தூக்கச் சொல்லப்போகிறேன் என்று நிற்கிறார். நாயிடமிருந்து மனிதக் குடலுக்குப் புழு வருமா? இது கீரிப்பூச்சி இல்லையென்றால் வேறென்ன, எங்கே காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராயபுரம் லேப்காரர்:

பவி அம்மா, நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் பல வருஷம் மலப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். துண்டைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் மனதில் வந்தது ஒரே பெயர்தான்: டைபிலிடியம் கேனினம், நாய்களின் நாடாப்புழு. பூனைக்கும் இதே புழுதான் வரும். மனிதர்களில் அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் உங்கள் மகள் வயதுக் குழந்தைகளுக்குத்தான் வரும்.

கீரிப்பூச்சி எப்படி இருக்கும் என்றால், மெல்லிய வெள்ளை நூல் துண்டு. பெண் புழு சுமார் 1 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஒரு முனை ஊசி போலக் கூராக இருக்கும், ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், அதனால்தான் ராத்திரி அரிப்பு. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் வருவது, நாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சொல்வது தட்டையான துண்டு. அது தனிப் புழுவே இல்லை, குடலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் நீளமான நாடாப்புழுவின் வால் பக்கத்திலிருந்து முற்றி உதிர்ந்த கணு. ஒவ்வொரு கணுவுக்குள்ளும் முட்டைகள் நிறைந்திருக்கும், உதிர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நெளியும், காய்ந்துவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். முழுப் புழு அரை மீட்டருக்கு மேலும் வளரும். பயப்படுத்தச் சொல்லவில்லை, இவ்வளவு நீளம் இருந்தும் பல குழந்தைகளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, டயாப்பரில் பார்த்துத்தான் அம்மாக்கள் கண்டுபிடிப்பார்கள்.

சிரப் கேட்காததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க நாள் என்று 2015-லிருந்து கொடுக்கிறார்களே, அதுவும் இதே அல்பெண்டசோல்தான். நல்ல மருந்து, குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுக்க வேண்டியது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி போன்றவற்றுக்கு வேலை செய்யும். இந்த நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. கணு உதிர்வது தினமும் ஒரே மாதிரி இருக்காது, நடுவில் சில நாள் ஒன்றும் வராமல் இருக்கும், அதைப் பார்த்து மருந்து கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது. இதற்கு உரிய மருந்து பிராசிகுவான்டெல். பெரும்பாலும் ஒரே ஒரு வேளை, குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் அளவு முடிவு செய்வார். சின்ன வயது என்பதால் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், குழந்தைகள் டாக்டர்தான் எழுத வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, அந்தத் துண்டைக் கையோடு லேபுக்குக் கொண்டுபோவது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடும். இதன் முட்டைகள் மலத்தில் தனியாகக் கலந்து வருவது குறைவு, கணுவுக்குள்ளேயே பை பையாக அடைந்திருக்கும். மலத்தில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்துவிட்டு முட்டை, சிஸ்ட் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. துண்டு கையில் இருந்தால் கதை வேறு. இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால் ஒவ்வொரு பைக்குள்ளும் பெரும்பாலும் 5 முதல் 15 முட்டை வரை தெரியும், கணுவின் இரண்டு ஓரத்திலும் துளை இருக்கும். மாட்டிறைச்சி சரியாக வேகாமல் சாப்பிட்டால் வரும் நாடாப்புழுவின் கணுவும் இப்படி ஊர்ந்து வெளியே வரும், ஆனால் அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் துளை. பார்க்கத் தெரிந்தவருக்குச் சில நிமிஷ வேலை.

டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், காய்ந்துவிடும். மருந்துக்கடையில் நார்மல் சலைன் சின்ன பாட்டில் கிடைக்கும், மூடி இருக்கிற டப்பாவில் அதைக் கொஞ்சம் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு துண்டை எடுத்துப் போட்டு, அன்றைக்கே கொண்டுபோங்கள். அசையும்போது செல்போனில் ஒரு வீடியோவும் எடுத்துவையுங்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவும் இருக்கிறது, மைக்ரோபயாலஜி லேபும் இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். போன உடனே, வீட்டு வாசலில் தெள்ளுப்பூச்சி உள்ள நாய்க்குட்டிகளோடு குழந்தை விளையாடுகிறாள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.


வியாசர்பாடி செந்தில்:

சார், நாடாப்புழு மூளைக்குப் போய் வலிப்பு வரும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒன்றரை வயதுப் பையன் இருக்கிறான், நாயும் இருக்கிறது. படித்ததிலிருந்து மனசே சரியில்லை. பவி மேடம், பாப்பாவுக்கு ஸ்கேன் ஏதாவது எடுக்கச் சொன்னார்களா?


ராயபுரம் லேப்காரர்:

செந்தில் தம்பி, அது வேறு புழு. மூளைக்குப் போவது டீனியா சோலியம், பன்றி நாடாப்புழு. அந்தப் புழு குடலில் உள்ள ஒரு மனிதரின் மலத்தில் வரும் முட்டை, கை வழியாகவோ தண்ணீர், காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், குஞ்சுப்புழு ரத்தத்தில் ஏறி மூளையில் போய்த் தங்கும். நாய்க்கும் அதற்கும் தொடர்பு இல்லை. டைபிலிடியம் குடலைத் தாண்டி எங்கும் போகாது. ஸ்கேன் தேவையில்லை. உங்கள் பையனுக்கு இப்படித் துண்டு வராதவரை நிம்மதியாக இருங்கள், நாய்க்கு மட்டும் மருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.


மாதவரம் கால்நடை:

நான் கால்நடை மருத்துவர். நாய் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்காரர் போன் போடப்போகிறார் என்று படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பவி, நாய் நக்கினாலே இந்தப் புழு வந்துவிடாது. நாயின் மலத்தைத் தொட்டாலும் வராது. நாயின் குடலிலிருந்து உதிரும் கணு தரையில் விழுந்து காய்ந்து உடையும்போது முட்டைகள் வெளியே வரும். அந்தத் தூசியில் வாழும் தெள்ளுப்பூச்சியின் குஞ்சு அதைத் தின்னும். குஞ்சு கூடு கட்டி வளர்ந்த பூச்சியாகும்போது அதன் உடம்புக்குள் புழுவின் அடுத்த பருவமும் தயாராக இருக்கும். நாய் அரிப்பில் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது அந்தப் பூச்சியை விழுங்கும், மூன்று நான்கு வாரத்தில் அதன் குடலில் முழு நாடாப்புழு. குழந்தைக்கும் இதே வழிதான். குட்டியை முத்தமிடும்போதோ, குட்டியைத் தடவிய கையை வாயில் வைக்கும்போதோ ஒரு பூச்சி உள்ளே போயிருக்கும். நாய் தன் மேல் இருந்த பூச்சியைக் கடித்த கையோடு குழந்தையின் வாயை நக்கினால் அதன் நாக்கிலிருந்தும் வரலாம். எப்படி வந்தாலும் நடுவில் தெள்ளுப்பூச்சி இருந்தாக வேண்டும். நாயைக் கடிக்கும் ஒருவகைப் பேனும் இதைச் சுமக்கும், ஆனால் அது குறைவு. காதிலும் கால்விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்து உப்பிக்கொண்டு ஒட்டியிருக்கும் உண்ணி இதைப் பரப்பாது. உண்ணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நாய் சுத்தமாகிவிட்டது என்று இருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். குடுகுடுவென்று ரோமத்துக்குள் ஓடி, குதித்து மறையும் பழுப்புப் பூச்சிதான் ஆள்.

அதனால் நாயைத் தூக்கினால் பிரச்சினை போகாது. கண்ணுக்குத் தெரியும் பூச்சிகள் கொஞ்சம்தான், முட்டை, குஞ்சு, கூடு எல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள மண்ணிலும் சாக்குத் துணியிலும் தரை விரிசலிலும் இருக்கும். கூட்டுக்குள் இருப்பது பல வாரம்கூடக் காத்திருந்து, பக்கத்தில் நடமாட்டம் தெரிந்தால் வெளியே வரும். நாயை எடுத்துவிட்டால் அது அங்கே வரும் பூனை மேல் ஏறும், உங்கள் கணுக்காலைக் கடிக்கும். அதோடு மத்திய அரசின் 2023 நாய்க் கருத்தடை விதிகளின்படி தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டுபோய் வேறு ஏரியாவில் விடுவதற்கு அனுமதி இல்லை. வீட்டுக்காரர் கார்ப்பரேஷன் புகார் எண் 1913-க்குப் போன் போடுவதாக இருந்தால் கருத்தடைக்காகப் போடட்டும், குட்டிகள் பால் மறந்த பிறகு. அது எல்லோருக்கும் நல்லது.

தாய் நாய்க்குப் பிராசிகுவான்டெல் கலந்த புழு மாத்திரை கொடுக்க வேண்டும், எடை பார்த்து. அதே நாளில் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து. கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து மலிவானது, மெல்லும் மாத்திரையும் இருக்கிறது, விலை கொஞ்சம் அதிகம். பால் கொடுக்கும் நாய் என்று கடையில் கட்டாயம் சொல்லுங்கள், கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகவில்லை என்றால் அந்தச் சொட்டு மருந்து வேண்டாம், பேன் சீப்பால் வாரி, பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். குட்டிகளுக்கு உருண்டைப்புழு மருந்து இரண்டு வார வயதிலிருந்தே தொடங்க வேண்டும், அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து குழந்தைகளின் வாய்க்குப் போனால் குஞ்சுப்புழு கண் வரைக்கும் போகும். நாடாப்புழுவைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை.

தயவுசெய்து மண்ணெண்ணெய் தடவாதீர்கள், ஃபினாயில் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள். தோல் வெந்து வரும் நாய்கள் நிறைய. பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து செத்துவிடும். வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் கால்நடைக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை, நாயைக் கொண்டுபோக முடியாவிட்டாலும் எடையையும் குட்டிகளின் வயதையும் சொல்லி ஆலோசனை கேட்கலாம்.

ஆடு வெட்டும் ஆடுதொட்டி பக்கம் இருப்பவர்கள் இதையும் கேளுங்கள். கழிவு ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதில் நீர்க்கட்டி இருந்தால் நாய்க்கு எக்கினோகாக்கஸ் என்ற குட்டி நாடாப்புழு வரும், அதன் முட்டை மனிதருக்குள் போனால் நம் ஈரலில் கட்டி வளரும். அதற்குத் தெள்ளுப்பூச்சி தேவையில்லை, நாயின் மலமும் கழுவாத கையும் போதும்.


தண்டையார்பேட்டை பவி:

எல்லாருக்கும் நன்றி. லேப்காரர் சார் சொன்னபடி சலைனில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம். அங்கே இருந்த டாக்டர் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். லேபில் டைபிலிடியம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். பிராசிகுவான்டெல் ஒரே வேளை, எடை போட்டு, மாத்திரையை உடைத்து அளவாகக் கொடுத்தார்கள். கசப்பில் துப்பப் பார்த்தாள், வாழைப்பழத்தில் மசித்துக் கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம் துண்டு வரவில்லை.

இன்னும் சில சந்தேகம். பெரியவனும் இவளோடு ஒரே பாயில்தான் படுக்கிறான், அவனுக்கும் எங்களுக்கும் மருந்து வேண்டுமா? நான் வெறுங்கையால் டயாப்பர் மாற்றியிருக்கிறேன். புழு முழுசாக வெளியே வரும் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் வரவில்லையே, உள்ளேயே இருக்குமா?


ராயபுரம் லேப்காரர்:

ரொம்பச் சந்தோஷம் அம்மா. பிராசிகுவான்டெல் பட்டதும் புழு இறுகிச் செயலிழந்துவிடும், அப்புறம் குடலிலேயே சிதைந்து செரித்துப் போகும், அதனால் முழுசாக வருவது குறைவு. தேட வேண்டாம்.

மற்றவர்களுக்கு மருந்து தேவையில்லை, துண்டு வந்தால் மட்டும் பாருங்கள். பாப்பாவின் மலத்தில் வரும் முட்டை நேராக இன்னொருவருக்கு நோய் தராது, மேலே கால்நடை டாக்டர் சொன்னபடி அது தெள்ளுப்பூச்சிக்குள் போய் வந்தாக வேண்டும். வெறுங்கையால் மாற்றியதற்காகப் பயப்பட வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து மறுபடி துண்டு கண்ணில் பட்டால், மருந்து கேட்கவில்லை என்பதைவிடப் புதிதாக ஒரு பூச்சி உள்ளே போயிருக்கிறது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்போதும் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.


பெரம்பூர் ஆட்டோ ரவி:

பவிக்கா, எங்கள் ஸ்டாண்டில் நாங்கள் பத்துப் பதினைந்து நாய்க்குச் சோறு வைக்கிறோம், அதனால் செய்முறை சொல்கிறேன். மாத்திரையை அப்படியே போட்டால் நாய் துப்பிவிடும். கோழிக்கால் வேகவைத்து, எலும்பு எடுத்து, கறிக்குள் மாத்திரையைத் திணித்துத் தனித்தனியாக நீட்டுங்கள். கூட்டமாகப் போட்டால் ஒரே நாய் எல்லாத்தையும் விழுங்கிவிடும். சொட்டு மருந்து விடும்போது ரோமத்தை விலக்கித் தோலில் படுகிற மாதிரி விட வேண்டும், ரோமத்தின் மேல் விட்டால் வீண். விட்ட உடனே குளிப்பாட்டாதீர்கள், பாப்பாவையும் அது காயும்வரை தொட விடாதீர்கள். மாதாமாதம் விட வேண்டும், ஒருமுறை விட்டு நிறுத்தினால் தெரு நாய்க்கு மறுபடி ஏறிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாக்கை எடுத்து எரித்துவிடுங்கள் அல்லது கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். பழைய போர்வை போட்டால் வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடலாம். அந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினால் பாதிப் பிரச்சினை தீரும், எங்கள் ஸ்டாண்டில் அப்படித்தான் செய்தோம், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து காசு போட்டால் மருந்துச் செலவு ஒருவர் தலையில் விழாது. அடுத்த தெரு நாய்க்கு மருந்து போடவில்லை என்றால் உங்கள் செவலையும் சும்மா இருக்காது, அங்கே போய்ப் படுத்து எழுந்து வரும்.


காசிமேடு நிர்மலா:

நாய் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மீன் பற்றிக் கேட்கிறேன், மன்னிக்கவும். ஆயும்போது சில மீன் வயிற்றில் சுருண்ட வெள்ளைப் புழு இருக்கும், எடுத்துப் போட்டுவிட்டுக் குழம்பு வைத்துவிடுவோம், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அது நம் வயிற்றில் வளருமா? இன்னொன்று, எங்கள் சந்தில் எலி தொல்லை தாங்க முடியவில்லை, ரேஷன் அரிசியில் வண்டு வேறு. எலியிடமிருந்தும் நாடாப்புழு வரும் என்று என் அக்கா மகள் நர்சிங்கில் படித்தாளாம், உண்மையா?


ராயபுரம் லேப்காரர்:

நல்ல கேள்வி நிர்மலா. கடல் மீனில் வரும் அந்தச் சுருண்ட புழு பெரும்பாலும் அனிசாகிஸ் வகை. பச்சை மீன் தின்னும் ஊர்களில்தான் அது தொந்தரவு, உயிரோடு போய் இரைப்பைச் சுவரைக் குத்திக் கடுமையான வலி கொடுக்கும். 60 டிகிரிக்கு மேல் வெந்தால் செத்துவிடும், கொதிக்கிற குழம்பில் தப்பிக்காது. பச்சையாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த மீனைத்தான் சாப்பிடலாம், வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை நம்பக் கூடாது. இதற்காக நம் மீனை யாரும் ஒதுக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் 1960-களில் பச்சை ஆற்று மீன் தின்றவர்களுக்குக் கேப்பிலேரியா என்ற புழு வந்து, வயிற்றுப்போக்கு நிற்காமல் நிறையப் பேர் இறந்தார்கள். அது இறால், மீன் என்று பச்சையாகவே சாப்பிடும் பழக்கத்தால் வந்தது.

எலி விஷயம் உண்மைதான். ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா என்று பெயர், எலியின் குடலில் வாழும் நாடாப்புழு. எலிப் புழுக்கையோடு வரும் முட்டையை மாவு வண்டு போன்ற பூச்சிகள் தின்னும், அந்த வண்டை மனிதர் தெரியாமல் விழுங்கினால் நம் குடலில் புழு வளரும். எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாகவும் வரும். இந்தியாவில் குழந்தைகளுக்கு வந்ததாக மருத்துவ இதழ்களில் அவ்வப்போது எழுதியிருக்கிறார்கள். சோறு வெந்துவிட்டால் வண்டுக்குள் இருப்பதும் வெந்துவிடும், அதில் பயமில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேகவைக்காமல் வாயில் போடுபவை: டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுக்கும் பொட்டுக்கடலை, ஊறவைத்துச் சாப்பிடும் அவல், குழந்தை கையால் எடுத்து மெல்லும் பச்சரிசி, கலந்து அப்படியே கொடுக்கும் சத்துமாவு. வண்டு விழுந்தால் சலித்துவிட்டு வைத்துக்கொள்கிறோம், குஞ்சும் உடைந்த துண்டும் சலிக்காது, அந்த மாவைக் கஞ்சியாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். மூட்டையை மூடியுள்ள டின்னுக்கு மாற்றுங்கள், எலி நுழையும் ஓட்டையைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். இதன் முட்டை மலத்தில் நன்றாகவே தெரியும், துண்டு தேட வேண்டியதில்லை, சாதாரணப் பரிசோதனை போதும். இதற்கும் பிராசிகுவான்டெல்தான், ஆனால் அளவு நாய்ப் புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல், அதனால் எந்தப் புழு என்று தெரிந்துகொண்டுதான் மருந்து.

வெறுங்காலோடு மண்ணில் ஓடும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய், பூனையின் கொக்கிப்புழுவில் அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்று ஒரு இனம் மனிதக் குடலிலேயே முழுதாக வளரும். 1911-ல் இலங்கையில் ஒரு புனுகுப் பூனையிடமிருந்து கிடைத்ததாக விவரித்தார்கள், இரண்டே வருஷத்தில் மனிதரிடமும் இருக்கிறது என்று இந்தியாவிலிருந்தே எழுதினார்கள். தென்கிழக்கு ஆசியாவில் இது சாதாரணமாகவே மனிதருக்கு வருகிறது. முட்டையை வைத்து மனிதக் கொக்கிப்புழுவிலிருந்து இதைப் பிரிக்க முடியாது, மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் எத்தனை பேருக்கு நாயிடமிருந்து வந்தது என்று லேப் ரிப்போர்ட்டை வைத்துக் கணக்கு எடுக்கவே வழியில்லை. நல்லவேளையாக இதற்கு அல்பெண்டசோல் கேட்கும். குழந்தை வெளிறிப்போய், சோர்ந்து இருந்தால் ரத்தமும் மலமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், செருப்புப் போட்டுவிடுங்கள்.


மாதவரம் கால்நடை:

சார் சொன்ன கொக்கிப்புழுவுக்கும் நாய்க்கு மருந்து இருக்கிறது, பிராசிகுவான்டெலோடு சேர்ந்தே ஒரே மாத்திரையில் வரும். பவி, தாய் நாய்க்கு வாங்கும்போது அந்தக் கூட்டு மாத்திரையாகக் கேளுங்கள். தாய் நாய்க்கு வாலுக்கடியில் ரோமத்தில் காய்ந்த துண்டு ஒட்டியிருக்கிறதா, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இருந்தால் தெள்ளுப்பூச்சி இன்னும் போகாமல் இருக்கலாம், சொட்டு மருந்தை மட்டும் மறுபடி விடாமல் படிக்கட்டுக்குக் கீழே உள்ள தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டிகள் எட்டு வாரம் தாண்டியதும் அவற்றுக்கும் சொட்டு மருந்து தொடங்கலாம், அன்றைக்கே வெறிநாய் தடுப்பூசிக்கான தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.